42 குறிகாட்டிகளில் எதை வைப்பது, எதை விடுவது?

கடிதத்தின் சுருக்கம்

மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் வேலைசெய்யும் சிறிய தொண்டு நிறுவனமொன்றின் திட்ட உத்தியோகத்தர் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டோம். பெண்கள் தலைமை தாங்கும் 300 குடும்பங்களுக்கான மூன்று வருடத் திட்டம் அது. ஊர்க்கோழி வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், சேமிப்புக் குழு, பொதுக்கிணறு திருத்துதல் என்று நான்கு வேலைகள். 180 குடும்பங்களுடன் ஐந்து மாதங்களுக்கு முன்னர் தொடங்கிவிட்டார்கள். மிச்சம் 120 குடும்பங்கள் அடுத்த வருடம் சேரும். தொடங்க முன்னர் இருந்த நிலையை அளக்கும் அடிப்படை ஆய்வு நடக்கவில்லை.

முன்மொழிவில் 42 குறிகாட்டிகள், அதாவது திட்டம் பலன் தருகிறதா என்று அளக்கும் எண்கள், இருக்கின்றன. களத்தில் மூன்று பேர்தான். காலாண்டுக்கு ஒருமுறை எல்லா வீட்டுக்கும் போய்ப் படிவம் நிரப்புகிறார்கள். பட்டியலைத் திருத்தி மூன்று கிழமைக்குள் அனுப்பும்படி கொடையாளர் கேட்டிருக்கிறார். பணிப்பாளரோ, "குறிகாட்டி கூடினால்தான் திட்டம் கனதியாகத் தெரியும்" என்கிறார். எத்தனை குறிகாட்டி வைப்பது, ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் உள்ளவற்றை அப்படியே எடுக்கலாமா, தொடங்கிய பிறகு மாற்றினால் ஒப்பந்த மீறலாகுமா, இலக்கைக் குறைத்து வைத்தால் பாதுகாப்பா என்பவை சகோதரியின் கேள்விகள்.

பதில்

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய 42ஐயும் வாசித்தேன். அவற்றில் 23 குறிகாட்டிகளே அல்ல, வேலைப் பதிவுகள். "நடத்தப்பட்ட பயிற்சிகளின் எண்ணிக்கை", "விநியோகித்த மரக்கன்றுகள்", "நடைபெற்ற குழுக்கூட்டங்கள்" எல்லாம் அந்த வகை. பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் மாதாந்த முன்னேற்ற அறிக்கைக்கு இவை தேவைதான், பதிவேட்டில் இருக்கட்டும். ஆனால் பயிற்சி நடந்தது என்பதிலிருந்து ஒரு வீட்டில் ஏதாவது மாறியது என்று தெரியவராது. இந்த வகையில் நான்கைந்தை மட்டும் வெளியீட்டு மட்டத்தில், அதாவது நீங்கள் செய்து கொடுத்தவற்றுக்கு, வைத்துக்கொள்ளுங்கள். விளைவு மட்டத்தில், அதாவது வீடுகளில் வந்த மாற்றத்துக்கு, ஏழு போதும். மொத்தம் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம்.

பன்னிரண்டுக்குள் எது வரவேண்டும் என்பதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இந்த எண் ஏறினாலோ இறங்கினாலோ யார், எந்த முடிவை மாற்றுவார்? பதில் சொல்ல முடியாத குறிகாட்டியை அடித்துவிடலாம்.

பணிப்பாளரிடம் வாதாடுவதை விட ஒரு கணக்கைக் காட்டுங்கள். உங்கள் படிவத்துக்கு வீட்டுக்கு 50 நிமிடம் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படுவான்கரைத் தூரத்தையும் சேர்த்தால் ஒருவர் ஒரு நாளில் ஆறு வீடு முடிப்பார். 300 குடும்பமும் சேர்ந்த பிறகு ஒரு சுற்றுக்கு 50 ஆள்நாள், வருடத்துக்கு 200 ஆள்நாள் போகும். மூன்று பேரும் ஆளுக்கு 67 வேலைநாள் படிவம் நிரப்பிக்கொண்டு திரிவார்கள். கோழிக்கு நோய் வந்தால் போய்ப் பார்க்க ஆளிருக்காது.

கோழிக் குறிகாட்டியைப் பிரித்துப் பார்ப்போம்

"கோழி வளர்ப்பால் வருமானம் அதிகரித்த குடும்பங்களின் வீதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு அதிகரித்தால், எப்போதிலிருந்து அதிகரித்தால் என்று இதில் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, எத்தனை பேரில் என்பது. 180 குடும்பம் குஞ்சு எடுத்தது, 60 வீட்டில் எல்லாம் செத்துப்போனது என்று வைப்போம். களஉத்தியோகத்தர் கோழி இருக்கும் 120 வீட்டுக்குப் போய், 90 வீட்டில் வருமானம் கூடியதாகக் குறித்துவருவார். அறிக்கையில் 75 வீதம் என்று வரும். உண்மையில் அது 50 வீதம். இப்படி நடப்பதற்கு யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. யாரை எண்ணுவது என்பதை எழுதி வைக்காதிருந்தாலே போதும்.

வருமானத்தை ரூபாயில் கேட்பதிலும் சிக்கல் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். 2021 செப்டெம்பரில் 20,000 ரூபாய் உழைத்த பெண் மறுவருடம் 30,000 உழைத்திருந்தால் தாளில் 50 வீத முன்னேற்றம். ஆனால் பழைய 20,000க்கு வாங்கிய சாமானை வாங்க அவளுக்கு ஏறக்குறைய 34,000 தேவைப்பட்டிருக்கும். இன்னொன்று, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்த பிறகு வருமானம் கேட்டு வரும் எவரைக் கண்டாலும் சனத்துக்குப் பயம். உள்ளதைச் சொன்னால் கொடுப்பனவு வெட்டுப்படும் என்று குறைத்துத்தான் சொல்வார்கள். அதில் அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே இப்படி மாற்றுங்கள்: "குஞ்சு பெற்று 12 மாதம் முடிந்தபோது முட்டையிடும் பேடு குறைந்தது நான்கு வைத்திருக்கும் குடும்பங்கள், குஞ்சு பெற்ற எல்லாக் குடும்பங்களிலும் எத்தனை வீதம்." கூட்டைத் திறந்து எண்ணலாம். இதனோடு "கடந்த 7 நாளில் விற்ற முட்டை, வீட்டில் சாப்பிட்ட முட்டை" என்று இரண்டு எண்கள். முட்டை விலை ஏறி இறங்கினாலும் இந்த எண்கள் குழம்பாது. ஊர்க்கோழி முட்டையிடத் தொடங்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். மூன்றாம் மாதத்தில் முட்டை கேட்டுப் போவது வீண்வேலை. அந்தக் காலத்தில் இறப்பையும் ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசியின் அடுத்த தவணை போட்டாயிற்றா என்பதையும் மாதாமாதம் பாருங்கள். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் இறப்பு திடீரென்று கூடினால் அன்றைக்கே மிருக வைத்தியருக்குச் சொல்லலாம். மாதாந்தக் கண்காணிப்புக்கான எண் வேறு, 12ஆம் மாத மதிப்பீட்டுக்கான எண் வேறு. உங்கள் பட்டியலில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

வீட்டுத்தோட்டம்: கீரை ஐந்து நட்டாலும் ஒன்றுதான்

"போசாக்கு நிலை மேம்படல்" என்பதை அளக்க நிறைமானியும் உயரமானியும் வேண்டும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஒத்துழைப்பு வேண்டும், வருடங்கள் வேண்டும். இந்தத் திட்டத்துக்கு அது பொருந்தாது. பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பல்வகைமை என்ற சர்வதேசக் குறிகாட்டியை எடுங்கள். 15 முதல் 49 வயதுவரையான பெண் முந்திய நாள் பகலும் இரவும் சாப்பிட்டவை பத்து உணவு வகுதிகளில் ஐந்தையாவது தொட்டதா என்பதுதான் கணக்கு. வகுதிகள் இவை: சோறு, கிழங்கு போன்றவை; பருப்பு, பயறு; கச்சான், எள்ளு போன்றவை; பால்; மீன், இறைச்சி; முட்டை; கரும்பச்சைக் கீரை; விற்றமின் ஏ மிகுந்த ஏனைய மரக்கறியும் பழமும்; ஏனைய மரக்கறி; ஏனைய பழம்.

பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கை இலை, அகத்தி எல்லாம் ஒரே வகுதி. கத்தரி, வெண்டி, பயற்றங்காய் இன்னொரு வகுதி. நீங்கள் கொடுத்த விதைப் பொதியில் இந்த இரண்டுதான் இருக்கின்றன. பழுத்த பப்பாசியும் பூசணியும் சேர்ந்தால் மூன்றாவது வகுதி வரும். குறிகாட்டியைச் சரியாக விளங்கிக்கொண்டால் அடுத்த பருவத்துக்கு என்ன கன்று வாங்குவது என்பதே மாறும். முதலில் சொன்ன அந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலுள்ள குறிகாட்டி உங்கள் பட்டியலில் வேறில்லை.

சறுக்கும் இடங்கள் இரண்டு. சம்பலில் தூவிய மாசியையும் தேத்தண்ணிக்கு விட்ட பாலையும் உத்தியோகத்தர்கள் மீன், பால் என்று குறித்துவிடுவார்கள். வாசனைக்கும் சுவைக்கும் சேர்க்கும் சிறு அளவு கணக்கில் வராது. 15 கிராமுக்குக் குறைந்தால் விடவேண்டும். மற்றது வயது. உங்கள் குடும்பத் தலைவிகளில் 50ஐத் தாண்டியவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதே வீட்டில் அந்த வயதுக்குள் மகளோ மருமகளோ இருந்தால் அவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டை இந்தக் குறிகாட்டியிலிருந்து மட்டும் விலக்கி, எத்தனை வீடு விலக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

சேமிப்புக் குழு: நூறு வீதத்தைக் கண்டு மகிழாதீர்கள்

"கடன் மீளச்செலுத்தல் வீதம்" ஒன்றைமட்டும் வைத்திருக்கிறீர்கள், இலக்கு 98. இதில்தான் எனக்கு அதிகம் கவலை. நுண்கடன் கிழமைத் தவணை மட்டக்களப்புக் கிராமங்களில் என்ன செய்தது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குழுவில் மானம் போகக்கூடாதென்று வெளியில் வட்டிக்கு வாங்கி இங்கே கட்டும் பெண் உங்கள் அறிக்கையில் வெற்றியாகத் தெரிவாள். மீளச்செலுத்தலை ஒருபோதும் தனியே வைக்காதீர்கள். "கடந்த மூன்று மாதத்தில் ஒரு தவணை கட்டுவதற்காக வேறிடத்தில் கடன்பட்ட, நகை அடகுவைத்த, கோழியோ ஆடோ விற்ற உறுப்பினர்கள்" என்பதைச் சோடியாக வையுங்கள். முதலாவது 98இல் நிற்க, இரண்டாவது 10 வீதத்திலிருந்து 30 வீதத்துக்குப் போனால், தவணைக் காலத்தை நீட்டுவது பற்றிக் குழுவில் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்தக் கேள்வியைக் குழுத் தலைவி கேட்கக்கூடாது. அயல்வீட்டாரிடம் கடனை யார் சொல்வார்? களஉத்தியோகத்தர் தனியாக இருந்து கேட்கட்டும். தாளில் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு இலக்கம் இருக்கட்டும். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் அலுவலக அலுமாரியில் பூட்டியிருக்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது இருக்கிறது. பயிற்சிக்கு வந்த எல்லோரிடமும் அடையாள அட்டைப் பிரதி வாங்கிக் கோவையில் போடும் பழக்கத்தை இத்தோடு நிறுத்திவிடலாம். எதற்காகத் திரட்டுகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவதும், தேவையில்லாததைத் திரட்டாமல் விடுவதும் உங்கள் பொறுப்பு. பதில் சொல்ல மறுப்பது அந்தப் பெண்ணின் உரிமை; மறுத்ததற்காகக் குஞ்சோ கடனோ நிறுத்தப்படக் கூடாது.

வலுவூட்டலும் கிணறும்

"பெண்கள் வலுவூட்டப்படல்" என்பதற்கு "வீடு பெண்ணின் பெயரில் உள்ள குடும்பங்கள்" என்று வைத்திருக்கிறீர்கள். வேறு நாட்டுக்கு எழுதிய படிவத்திலிருந்து எடுத்ததென்று நினைக்கிறேன். கிழக்கில் மகளுக்குக் கலியாணத்தின்போது வீடு கொடுப்பது வழமை. தொடக்கத்திலேயே இந்த எண் உயரத்தில் நிற்கும், மூன்று வருடத்திலும் அசையாது, அசைந்தாலும் உங்கள் வேலையால் அல்ல. "கணவருடன் சேர்ந்து முடிவெடுப்பீர்களா" என்ற கேள்வி இந்தக் குடும்பங்களுக்கு அதைவிடவும் பொருந்தாது. மூத்த மகன், தமையன், தகப்பன் என்று முடிவில் கைவைப்பவர்கள் வேறு. நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்: "கடைசியாகக் கோழியோ முட்டையோ விற்றது எப்போது? விற்போம் என்று சொன்னது யார்? காசு யார் கையில் இருந்தது?" பொதுவாகக் கேட்டால் எல்லோரும் "நான்தான்" என்பார்கள்.

கிணற்றுக்கு "திருத்திய கிணறுகள்" போதாது. போய், வரிசையில் நின்று, திரும்பிவர 30 நிமிடத்துக்குள் முடிகிற வீடுகள் எத்தனை, வருடத்தில் எத்தனை மாதம் தண்ணீர் நின்றது, 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி பூச்சியமா என்ற மூன்றும் வேண்டும். வெள்ளம் வடிந்த ஜனவரியில் ஒருமுறை, தண்ணீர் அடியில் கிடக்கும் செப்டெம்பரில் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். குளோரின் போட்ட மறுநாள் எடுத்த மாதிரி எதையும் நிரூபிக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாளைப் பேசி வையுங்கள்.

நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளிலிருந்து எடுக்கலாமா?

வரைவிலக்கணத்தை எடுக்கலாம், நான் மேலே சொன்ன 30 நிமிடம் அங்குள்ள அடிப்படைக் குடிநீர்ச் சேவையின் வரைவிலக்கணத்தோடும், ஈ.கோலி பாதுகாப்பான குடிநீருக்கான வரைவிலக்கணத்தோடும் ஒத்துப்போவனதான். ஆனால் "வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்கள்" என்பதை விட்டுவிடுங்கள். நமது உத்தியோகபூர்வ வறுமைக்கோடு வருமானத்தை வைத்து இல்லை, ஆளுக்கு ஒரு மாத நுகர்வுச் செலவை வைத்து. 2019இல் அது 6,966 ரூபாய். அதை அளக்கத் தொகைமதிப்பு திணைக்களம் நீண்ட படிவங்களோடு போகிறது. "மாதம் எவ்வளவு வருது?" என்ற ஒற்றைக் கேள்வியால் அந்தக் கோட்டைத் தொட முடியாது.

அடிப்படைத் தகவல் இல்லையே என்பது

பிந்திவிட்டது என்று கைவிட வேண்டாம். அடுத்த வருடம் சேரும் 120 குடும்பங்கள் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. குஞ்சு கொடுக்க முன்னர் அவர்களிடம் பன்னிரண்டையும் அளந்துவிடுங்கள். முதல் 180இல் அதே மாதத்தில் எடுத்தால் ஓர் ஒப்பீடும் கிடைக்கும். ஆனால் முதலில் சேர்த்தவர்கள் எப்படித் தெரிவானார்கள் என்று எழுதுங்கள். மிக ஏழைகளை முதலில் எடுத்திருந்தால் அந்த ஒப்பீடு உங்களுக்கே பாதகமாகக் காட்டும். 180 பேரிடமும் பின்னோக்கிக் கேட்கக்கூடியது சொத்து மட்டும்: திட்டத்துக்கு முன்னர் எத்தனை பேடு, எந்தக் கிணறு, எத்தனை கடன். ஐந்து மாதத்துக்கு முன்னர் என்ன சாப்பிட்டீர்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

எந்த மாதத்தில் எடுக்கிறீர்களோ, கடைசிவரை அதே மாதம். பெரும்போக அறுவடை முடிந்த மார்ச்சில் முதற் சுற்றும், கூலிவேலை இல்லாத நவம்பர் மழையில் கடைசிச் சுற்றும் எடுத்தால் நல்ல திட்டமும் தோற்றதாகத் தெரியும்.

எல்லா வீட்டுக்கும் போகத் தேவையில்லை. 300இல் 75 வீடு எடுத்தால் விடை உண்மையான வீதத்தின் இருபக்கமும் ஏறக்குறைய 10 வீதப் புள்ளிக்குள் நிற்கும். 5 புள்ளிக்குள் வேண்டுமென்றால் 170 வீடு. உங்களுக்கு 75 போதும். பட்டியலைக் கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாக அடுக்கி, ஒன்றிலிருந்து நான்குக்குள் சீட்டு இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு நான்காவது பெயரையும் எடுங்கள். ஆளில்லை என்றால் பக்கத்து வீட்டைப் போடக்கூடாது, வேறு நாட்களில் இரண்டு தடவை திரும்பிப் போகவேண்டும். றோட்டோர வீடுகளே திரும்பத் திரும்ப வருவதும், யானைப் பயமுள்ள எல்லை வீடுகள் நழுவுவதும் இந்த இடத்தில்தான். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக 75 எடுத்தால், இரண்டு சுற்றுக்கிடையில் 15 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள்.

ஒப்பந்தமும் இலக்கும்

பொதுவாகக் குறிகாட்டிப் பட்டியல் ஒப்பந்தத்தின் இணைப்பாக இருக்கும். உங்கள் பிரதியில் திருத்தம் பற்றிய வாசகத்தைத் தேடிப் பாருங்கள். கொடையாளரின் எழுத்துமூல ஒப்புதலுடன் மாற்றுவது மீறல் அல்ல. சொல்லாமல் மாற்றுவதுதான் மீறல். இங்கே அவர்களே கேட்டிருக்கிறார்கள். ஐந்து நிரல் உள்ள அட்டவணை அனுப்புங்கள்: பழைய குறிகாட்டி, புதியது, காரணம், இதுவரை திரட்டிய தரவு என்னாகும், எந்தக் காலாண்டிலிருந்து நடைமுறை. திட்டத்தின் நோக்க வாசகத்தில் கைவைக்க வேண்டாம். கொடையாளர் தன் எல்லாத் திட்டத்திலும் கட்டாயமாகக் கேட்கும் குறிகாட்டிகள் ஓரிரண்டு இருக்கலாம். பிடிக்காவிட்டாலும் அவற்றை அப்படியே வைத்திருங்கள். மாற்றுவதற்கு இதுதான் காலம். இரண்டாம் வருடத்தில் எண் விழுந்த பிறகு அந்தக் குறிகாட்டியை எடுக்கக் கேட்டால் எவரும் நம்பமாட்டார்கள்.

இலக்கைக் குறைத்து வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். முதல் வருடத்திலேயே 140 வீதம் எட்டிவிட்டோம் என்று அனுப்பும்போது கொடையாளர் கேட்கும் முதற் கேள்வி, அப்படியானால் இவ்வளவு காசு எதற்கு என்பதுதான். அடிப்படை அளவு தெரியாமல் 98, 80 என்று எழுதுவதும் அதே அளவு ஆபத்து. முதற் சுற்று முடிந்து 30 நாளுக்குள் இலக்கு தருவதாக எழுதுங்கள். கொடையாளர்கள் இதை வழமையாக ஏற்பார்கள்.

பட்டியலை அனுப்பமுன், ஒவ்வொரு குறிகாட்டிக்கும் ஒரு பக்க விளக்கத் தாள் எழுதுங்கள்: வரைவிலக்கணம், எதை எதால் வகுப்பது, கேட்கும் வாசகம், எங்கிருந்து, யார், எப்போது. பிறகு திட்டத்தில் இல்லாத ஒரு வீட்டுக்காரியிடம் அனுமதி கேட்டு, மூன்று களஉத்தியோகத்தர்களையும் அங்கே கூட்டிப்போங்கள். ஒருவர் கேட்கட்டும், மூவரும் தனித்தனியே குறிக்கட்டும். மூவரின் தாளும் ஒத்துவராத குறிகாட்டிகளின் வரைவிலக்கணத்தைத் திருத்தி, மறுநாள் இன்னொரு வீட்டில் திரும்பச் செய்துபாருங்கள். இரண்டாம் தடவையும் ஒத்துவராதவற்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.